அரிசி டிரம்முக்குள் ஒளித்த மாத்திரைகள்: மருந்துக்கு அடங்காத காசநோயும் பெண்களும்

2023 ஜூன் மாசம்னு நினைவு. ராத்திரி பத்தரை மணிக்கு என் சித்தி பொண்ணு போன் பண்ணினாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. பக்கத்து அறையில் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"அண்ணே, நீ நெட்ல நிறைய தேடிப் படிப்பியே... இந்த மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா, கூடாதா? ஒருத்தர் கொடுன்னு சொல்றாங்க, இன்னொருத்தர் உடனே நிறுத்துன்னு சொல்றாங்க."

குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். அவளுக்கு வந்திருந்தது சாதாரண டிபி இல்லை, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கே கட்டுப்படாத டிபி. கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. சுகாதாரப் பணியாளரிடம் "வீட்டுக்கு வராதீங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று கெஞ்சியிருக்கிறாள். மாத்திரை அட்டைகள் அரிசி டிரம்முக்குள் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன.

நான் டாக்டர் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிற ஆள். அவள் கேட்ட கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வாரக்கணக்கில் படித்த பிறகும் நேரான ஒரு பதில் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படை

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தது 1882 மார்ச் 24-ல். அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில் வந்தது. வந்த வேகத்திலேயே ஒரு பாடமும் கிடைத்தது. ஒரே ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் நோயாளி சில மாதம் நன்றாகத் தேறுவார், பிறகு நோய் திரும்பும், அப்போது அந்த மருந்து வேலை செய்யாது.

காரணம் எளிமையானது. நுரையீரலில் ஒரு புண்ணுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவை பெருகும்போது மரபணுவில் சின்னச் சின்னப் பிழைகள் விழும். ஏதோ ஒரு பிழை அந்த மருந்தைத் தாங்கும் சக்தியைக் கொடுத்துவிடும். மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்று இடத்தைக் காலி செய்து கொடுக்க, தப்பிய அந்த ஒன்று பெருகி ஆள ஆரம்பிக்கும். அதனால்தான் டிபிக்கு எப்போதும் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின் இரண்டும் இந்தக் கூட்டின் இரண்டு தூண்கள். இரண்டுக்குமே அடங்காத கிருமி வந்தால் அது பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா, அதான் இப்படி ஆயிடுச்சு" என்பதுதான் இந்த நோய் வந்தவர்கள் அதிகம் கேட்கிற பேச்சு. சிகிச்சை பாதியில் விட்டால் எதிர்ப்பு உருவாகும் என்பது உண்மை. ஆனால் எதிர்ப்பு பெற்ற கிருமியும் மற்றதைப் போலவே காற்றில் பரவுகிறது. வாழ்நாளில் ஒரு டிபி மாத்திரைகூடத் தொடாத ஒருவருக்கு, பக்கத்தில் இருமியவரிடமிருந்து நேரடியாக எதிர்ப்புக் கிருமியே வரலாம். இன்று புதிதாக வருபவர்களில் பெரும்பாலோருக்கு வருவது இந்த வழியில்தான். என் தங்கைக்கும் இதுதான் முதல் தடவை. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவது, சளி துப்பிய பாத்திரத்தைக் கழுவுவது எல்லாம் பெரும்பாலும் யார்? பழியைச் சுமத்துவதற்கு முன்னால் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

எண்ணிக்கை குறைவு, சரி. எண்ணியது எப்படி?

2023-ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் ஆண்கள் 55%, பெண்கள் 33%, மீதி குழந்தைகள். அதே ஆண்டில் மருந்து எதிர்ப்புக் காசநோய் வந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அதில் கால்வாசிக்கு மேல், 27%, இந்தியாவில். அந்த 4 லட்சத்தில் கண்டுபிடித்து சிகிச்சை தொடங்கியது பாதிக்கும் குறைவு, 44% பேருக்குத்தான்.

ஆண்கள் அதிகம் என்பது நிஜம்தான். புகை, குடி, வெளிவேலை என்று காரணங்களும் இருக்கின்றன. ஆனால் பரிசோதனை மேஜைக்கு வந்து சேராத பெண்கள் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி.

பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இது. டிபி பரிசோதனைக்குத் தேவை நெஞ்சிலிருந்து வரும் கெட்டியான சளி. "டப்பாவில் துப்பிக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால், பல பெண்கள் கூச்சத்தில் எச்சிலைத்தான் துப்பிக் கொடுக்கிறார்கள். நாலு பேர் நிற்கும் இடத்தில் காறித் துப்ப எந்தப் பெண்ணுக்குப் பழக்கம்? ஆய்வாளர்கள் செய்தது ஒன்றே ஒன்று. ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எப்படிச் சளி எடுப்பது என்று ஒரு குழுவுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுக்காத பெண்களில் 8% பேருக்கு நோய் தெரிந்தது. சொல்லிக் கொடுத்த பெண்களில் 13%. புது மருந்தும் இல்லை, புது எந்திரமும் இல்லை. சில நிமிஷப் பேச்சு, அவ்வளவுதான்.

இரண்டாவது, நுரையீரலுக்கு வெளியே வரும் டிபி. இரத்தத்தின் வழியாகக் கிருமி கருக்குழாய்க்குப் போய்த் தங்கிவிட்டால், இருமலும் இருக்காது, சளியும் இருக்காது. மாதவிடாய்க் கோளாறு, அடிவயிற்று வலி என்று ஏதாவது இருக்கலாம்; ஒன்றுமே இல்லாமலும் போகலாம். பலருக்குக் குழந்தை இல்லை என்று டாக்டரிடம் போகும்போதுதான் தெரிகிறது. அதற்குள் குழாய் அடைத்துப் போயிருக்கும். அங்கே கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால் கருப்பை உள்படலத்தை எடுத்துச் சோதித்தாலும் பல நேரம் அகப்படாது. கிருமியே அகப்படாதபோது அது எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று எங்கே பார்ப்பது? வழக்கமான மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நடக்கிறது.

"பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்"

என் தங்கைக்கு இருமல் தொடங்கியது பிரசவமான இரண்டாவது மாதத்தில். சோர்வு, மெலிவு, ராத்திரியில் வியர்வை. எல்லோரும் சொன்னது ஒரே வசனம்: பச்சை உடம்பு, தூக்கமில்லை, அப்படித்தான் இருக்கும். பத்தியச் சாப்பாடும் கஷாயமும் கிடைத்தன. சளிப் பரிசோதனை கிடைக்க மூன்று மாதம் ஆனது.

உண்மையில் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்கள் காசநோய் தலைதூக்க ஏற்ற காலம். வயிற்றில் வளரும் கருவை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்கக் கூடாது என்பதற்காக, கர்ப்ப காலத்தில் எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதி அடங்கியிருக்கும். டிபிக் கிருமியைப் பூட்டி வைத்திருப்பதும் கிட்டத்தட்ட அதே பகுதிதான். பிரசவம் ஆனதும் அது திரும்ப விழிக்கிறது. அதுவரை சத்தமில்லாமல் வளர்ந்த நோய் அப்போது காய்ச்சலாகவும் இருமலாகவும் வெளியே தெரிகிறது. கர்ப்ப காலத்திலோ அறிகுறிகளை மறைக்க மசக்கையே போதும். சோர்வா? மசக்கை. சாப்பாடு இறங்கவில்லையா? மசக்கை.

ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருக்கிறதா என்பதைச் சிபிநாட் எந்திரம் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். தாமதம் எந்திரத்தில் இல்லை, அதுவரை போய்ச் சேருவதில்தான்.

மருந்து உடம்பில் என்ன செய்கிறது

நந்திதா வெங்கடேசன், மும்பைக்காரர், பரதநாட்டியம் ஆடுபவர். குடல் காசநோய் இரண்டாவது முறை திரும்பியபோது கனமைசின் ஊசி போட்டார்கள். 2013-ல் அவருக்குக் காது கேட்காமல் போனது. ஃபுமேஸா டிசிலே, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைச் சேர்ந்தவர். 2010-ல் கல்லூரி மாணவியாக இருந்தபோது நோய் வந்தது. சுமார் 20,000 மாத்திரைகளை விழுங்கி 2013-ல் குணமானார். அவருடைய காதுகளையும் அதே ஊசிதான் பறித்தது.

உள்காதில் ஒலியைப் பிடிக்கும் நுண்ணிய மயிர்ச் செல்களை இந்த வகை ஊசிகள் அழித்துவிடும். போன செல் மறுபடி முளைக்காது. இது டாக்டர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். 2018-ல்தான் உலக சுகாதார நிறுவனம் கனமைசினையும் கேப்ரியோமைசினையும் இனிப் பரிந்துரைப்பதில்லை என்று முடிவெடுத்தது.

ஊசிக்கு மாற்றாக வந்த மாத்திரை பெடாகுலின். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் 2016-ல் சில குறிப்பிட்ட மருத்துவமனைகளில் மட்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விண்ணப்பித்தபோது, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்தவர்கள் யார் தெரியுமா? காது போன அதே இரண்டு பெண்கள். 2019-ல் மனு கொடுத்தார்கள், 2023 மார்ச்சில் நிறுவனத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முதன்மைக் காப்புரிமையும் அதே ஆண்டு ஜூலையில் முடிந்ததால் மற்ற நிறுவனங்கள் இந்த மாத்திரையைத் தயாரிக்க வழி திறந்தது.

ஊசி போனாலும் மற்ற மருந்துகளின் கணக்கு இருக்கிறது. லைனசோலிட் எலும்பு மஜ்ஜையை அழுத்தி இரத்தத்தைக் குறைக்கும், கை கால் நரம்புகளையும் பாதிக்கும். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57% பேருக்கு ஏற்கெனவே இரத்தசோகை. அந்த உடம்பின் மேல்தான் இந்த மருந்து வந்து விழுகிறது. எத்தியோனமைட் கடுமையான வாந்தி கொடுக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. சைக்ளோசெரின் மனச்சோர்வைக் கொண்டுவரலாம்.

அப்புறம் க்ளோஃபசிமின். இது தோலை மெல்ல மெல்லச் செம்பழுப்பாக, கருப்பாக மாற்றும். நிறுத்திய பிறகு நிறம் திரும்பும், ஆனால் மாதங்கள், சில சமயம் வருஷங்கள் ஆகும். மருத்துவ ஏட்டில் இது "சிறிய" பக்கவிளைவு. நம் ஊரில் ஒரு பெண்ணின் முகம் மூன்று மாதத்தில் கறுத்துப் போனால் எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்பார்கள்? தங்கை என்னிடம் சொன்னாள்: "இருமலைக்கூட மறைச்சிட்டேன் அண்ணே, மூஞ்சியை எங்க மறைக்கிறது?"

பதில் ஏன் இல்லை?

இப்போது அவளுடைய முதல் கேள்விக்கு வருவோம்.

1950-களின் கடைசியில் கர்ப்பிணிகளின் வாந்திக்குத் தாலிடோமைட் என்ற மருந்தைப் பல நாடுகளில் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளர்ச்சி இல்லாமல் பிறந்தன. 1961-ல் மருந்தைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். அந்த அதிர்ச்சியின் நிழல் நீண்டது. 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கருத்தரிக்கக்கூடிய வயதில் இருக்கும் பெண்களையே ஆரம்பக்கட்டப் பரிசோதனைகளிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. 1993-ல் அது மாறினாலும், கர்ப்பிணி என்றால் சேர்க்க வேண்டாம், நடுவில் கர்ப்பமானால் மருந்தை நிறுத்து என்ற வழக்கம் தொடர்ந்தது.

நோக்கம் பாதுகாப்புதான். விளைவு வேறு. எங்கள் தொழிலில் ஒரு வகைப் பயனரை டெஸ்டிங்கில் சேர்க்காமல் விட்டால், அந்தப் பயனர் வராமல் இருந்துவிட மாட்டார். நேராகக் களத்தில் வந்து நிற்பார். நோய் ஆய்வு முடியும்வரை காத்திருப்பதில்லை. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அது வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆய்வில் அவர்களைக் காப்பாற்றினோம் என்று நினைத்து, சிகிச்சையில் தரவே இல்லாமல் நிறுத்திவிட்டோம்.

2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதச் சிகிச்சை ஒன்றைப் பரிந்துரைத்தது. பெடாகுலின், ப்ரீடோமனிட், லைனசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்று நாலு மருந்துக் கூட்டு. அதற்கு ஆதாரமான ஆய்வில் இந்தக் கூட்டைச் சாப்பிட்டவர்களில் 89% பேருக்கு நல்ல பலன், பழைய சிகிச்சையில் 52% பேருக்குத்தான். பிரமாதமான முன்னேற்றம். இந்தியாவிலும் 2024 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது இல்லை. கெடுதல் என்று நிரூபித்ததால் அல்ல, ப்ரீடோமனிட் அவர்களிடம் எப்படி வேலை செய்யும் என்பதற்குப் போதிய தரவு இல்லாததால். என் தங்கை 18 மாதத்துக்கு மேல் நீளும் வழியில் நடந்தாள்.

கதவைத் திறக்கும் வேலையைத் தென்னாப்பிரிக்கா செய்திருக்கிறது. டர்பனில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்ப்பிணி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெடாகுலின் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் பிறப்பு எடை குறைந்தவர்கள் அதிகம், ஆனால் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதுக்குள் நன்றாகவே வளர்ந்துவிட்டன. பெடாகுலின் தாய்ப்பாலில் கணிசமாகச் சேர்கிறது என்பதும் அங்கே நடந்த ஆய்வில்தான் தெரிந்தது. பிறகு பீட் டியூபர்குலோசிஸ் என்ற பரிசோதனையில் கர்ப்பிணிகளையும் முதலிலிருந்தே சேர்த்துக்கொண்டார்கள். அதன் முடிவுகளை வைத்து 2024-ல் உலக சுகாதார நிறுவனம் ப்ரீடோமனிட் இல்லாத இன்னொரு ஆறு மாதக் கூட்டைப் பரிந்துரைத்தது. இது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பொருந்தும். சேர்த்துக்கொண்டதால் பதில் கிடைத்தது. இத்தனை நாள் கிடைக்காததற்கும் காரணம் அதுவேதான்.

வீடுதான் ஆஸ்பத்திரி

இதில் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 1956-ல் மெட்ராஸில் தொடங்கிய ஆய்வு ஒன்று, சானடோரியத்தில் படுக்கவைத்துக் கொடுக்கும் சிகிச்சைக்கும் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிடுவதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-ல் காட்டியது. உலகம் முழுக்க டிபி சிகிச்சை வீட்டுக்கு மாறியதற்கு அது முக்கியக் காரணம். பிள்ளைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் போய்ப் படுக்க முடியாத பெண்களுக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் சிகிச்சை வீட்டுக்கு வந்தால், வீட்டின் குணமும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. காசநோயால் இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்கள் குடும்பத்தால் ஒதுக்கப்படுகிறார்கள் என்ற மதிப்பீடு தேசியத் திட்டத்தின் பழைய ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும். மாத்திரையை அரிசி டிரம்முக்குள் வைக்கிற பெண்ணுக்கு அந்த ஆவணம் தெரியாது, ஆனால் விஷயம் தெரியும்.

ஒளிப்பதில் ஆபத்தும் இருக்கிறது. தங்கையின் மாமியாருக்கு விஷயம் தெரியாததால் அவரும் பரிசோதனைக்குப் போகவில்லை, நாலு வயது மூத்த பிள்ளையும் போகவில்லை. மறைக்க வைத்த பயம், நோய் பரவவும் வழி விட்டிருக்கும்.

சாப்பாடும் அப்படித்தான். 2023-ல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு ஒன்றில், நோயாளியின் குடும்பத்துக்கே கூடுதல் உணவுப் பொருள் கொடுத்தபோது அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 முதல் 48% வரை குறைந்தது. அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ஆனது. அந்தப் பணத்தில் வாங்கும் முட்டை யார் தட்டுக்குப் போகிறது என்பதை எந்தத் திட்டமும் பார்க்க முடியாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம், நோய் வந்ததும் தானாக மாறிவிடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இது மருத்துவ ஆலோசனை இல்லை, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல்.

- இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், பிள்ளை பெற்ற உடம்பாக இருந்தாலும், சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சளி எடுப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
- டிபி என்று சொன்னால், மருந்து எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதித்தாகிவிட்டதா எனக் கேளுங்கள்.
- கர்ப்பமாக இருக்கிறீர்களா, பால் கொடுக்கிறீர்களா என்பதை மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுத்துவிடும்.
- கை கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது, காதில் இரைச்சல், தாங்க முடியாத சோர்வு, எதுவாக இருந்தாலும் உடனே சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.
- வீட்டில் இருக்கும் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

தங்கையின் கதையை முடித்துவிடுகிறேன். பால் விஷயத்தில் டாக்டரோடு உட்கார்ந்து பேசி, புட்டிப்பாலுக்கு மாற்றினாள். மார்பு கட்டிக்கொண்டு அழுத ராத்திரிகளைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். நாலாவது மாதத்தில் மாமியார் அரிசி அளக்கும்போது மாத்திரைப் பை கைக்கு வந்துவிட்டது. பெரிய சண்டை வரும் என்று எல்லோரும் பயந்தோம். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லையாம். மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும், நானும் வர்றேன்" என்றிருக்கிறார். அவருடைய அக்கா இதே நோயில் போனவர் என்பது அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த அக்காவும் மறைத்துத்தான் வைத்திருந்தாராம்.

மாமியார், மூத்த பிள்ளை, கைக்குழந்தை மூவருக்கும் பரிசோதனை ஆனது, யாருக்கும் நோய் இல்லை. 2025 தொடக்கத்தில் தங்கையின் சிகிச்சை முடிந்தது. முகத்தின் நிறம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. "அது மெதுவா வரட்டும் அண்ணே" என்கிறாள். மாத்திரை அட்டைகள் கடைசி ஒரு வருஷம் சாமி படத்துக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தன. வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தது மாமியார்.